சின்னத்தாயி பேருக்கு ஒரு தந்தி

செம்மநத்தம்
17-11-1986, திங்கட்கிழமை

கண்ணு ராசாத்திக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்று சேர்வராயனைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். மைசூரில் பனி அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அம்மா உனக்கு அனுப்ப மிளகு காயவைத்திருக்கிறாள்.

ஐப்பசி மழையில் ஊர்ச் சோளமெல்லாம் நனைந்து பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது. பூசணத்து விஷத்தை நொதி வைத்து முறிக்க முடியுமா என்று உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை சாமி. ஒண்டிக்கடையில் டீ குடிக்கிற நாலு பேர் நடுவில், என் மக விஷத்த முறிக்க வழி கண்டுட்டா என்று பீற்றிக்கொண்டேன். நொதின்னா என்னதுங்க என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வந்ததா? நம்ம புளிச்ச கூழுலயும் முளை கட்டுன ராகியிலயும் இருக்கறதுதான் என்று அளந்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கே சொன்னது.

அதை நம்பி ஏழெட்டு வீட்டில் பூசணச் சோளத்தை இடித்து, முளை ராகி மாவும் புளித்த கூழும் கலந்து பானையில் மூடி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சிக் குடிப்பதாகப் பேச்சு. நேற்று வேலுசாமி தன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு கை அள்ளிக் கோழிக்குப் போட்டிருக்கிறான், இன்று காலை மூன்று குஞ்சு விறைத்துக் கிடந்தன. வீடு வீடாக ஓடி, நான் சொன்னது பொய் என்றேன். மற்றவர்கள் திட்டிக்கொண்டே கொட்டிவிட்டார்கள். சின்னத்தாயி மட்டும் கேட்கவில்லை. அவள் புருஷன் மரத்திலிருந்து விழுந்து படுத்திருப்பது உனக்குத் தெரியும், மூன்று பிள்ளைகளுக்கும் அந்தச் சோளந்தான். குஞ்சு மழையில செத்துருக்குமுங்ணா, படிச்ச புள்ள சொன்னத நீங்க மாத்தாதீங்க என்கிறாள். நம் ராகியில் பாதி தருகிறேன் என்றேன், எரப்புச் சோறு வேண்டாமுங்க என்றாள். வேறு வழி தெரியாமல், திங்க வேண்டாம்னு ராசாத்தி தந்தியே அடிச்சுட்டா என்று புளுகினேன். தந்தியக் காட்டுங்க, இப்பவே கொட்டறேன் என்று கையை நீட்டினாள். என்னத்தைக் காட்டுவது?

இதை நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொடுத்துச் சேலத்தில் போடச் சொல்கிறேன், புதன்கிழமை உனக்குக் கிடைக்கும். கிடைத்த கையோடு தந்தி அடி கண்ணு. புளிக்க வைத்தால் விஷம் போகுமா போகாதா என்று உனக்குத்தான் தெரியும், எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. என் பேருக்கு அடிக்காதே, நேராகச் சின்னத்தாயி பேருக்கே அடி. முதல் தந்தி நான் புளுகியது என்று அப்போது ஊருக்கே தெரிந்துபோகும். தெரியட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். வியாழக்கிழமை தாண்டக்கூடாது, மறந்துவிடாதே.

உன் அப்பா
வெள்ளையன்