உறையனின் சாமி எழுதும் பதில்

என் ஆசை மதினிக்கு,

மழை தொடங்கிவிட்டது. நேற்றிலிருந்து தகரக் கூரையில் ஒரே சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் கத்த வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டு மலையாளத்து அன்னம்மா சேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறதாம். அது எப்படி உங்கள் மூக்காக இருக்கும் என்று கேட்டால், "ஞான் பார்த்ததுதானே மோளே" என்று சண்டைக்கு வருகிறார். நீங்கள் இருந்திருந்தால் குழந்தையைக் கீழே விட்டிருக்க மாட்டீர்கள்.

இதை என்றைக்காவது மற்றவர்களும் படிக்கலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிக்குக் கீழே ஒரு கிராமத்திலிருந்து, போடிமெட்டு ஏறி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அடுப்படி என்னுடையது. வருகிறவளை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் இருந்தேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கொழுந்து எடுக்கப் போனால் உங்களுக்கு அடுத்த நிரை, குழாயடிக்குப் போனால் உங்கள் பின்னால் என்று ஆகிவிட்டேன்.

முதல் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை முந்தானையிலிருந்து எடுத்தீர்கள். தாயம் ஆடலாம் என்று நான் உட்கார்ந்தேன். "தாயம் வேணாம் பொன்னு. பழம் எடுத்தா முடிஞ்சுபோகுது. முடியாத ஆட்டம் ஒண்ணு ஆடுவோம்" என்றீர்கள். உடைந்த தேயிலைப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, அடுப்புக்கரியால் மலை வரைந்தீர்கள், ஆறு வரைந்தீர்கள், மலையுச்சியில் ஒரு கோட்டை வரைந்தீர்கள். அந்த உலகத்துக்குப் பேர் என்ன என்றேன். "அங்கிட்டு" என்றீர்கள்.

என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்லுவீர்கள். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று உருட்டிப் போடும் கொட்டைகள் சொல்லும்; வெள்ளை கூட விழுந்தால் பலிக்கும். அண்ணன், நான், அன்னம்மா சேச்சி, மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

நிஜ சாமிகளை ஆட்டத்தில் இழுக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். "அதுகளுக்கு இருக்குற வேலையே போதும்." ஆகவே ஆளுக்கு ஒரு சாமியை நாங்களே உண்டாக்கினோம். சேச்சிக்கு நனையாத விறகு தரும் சாமி. எனக்குத் தூவானத்தாள். அவளைக் கும்பிடுகிறவர்கள் மழை பெய்யும்போது பொய் சொல்லக் கூடாது. மழையே விடாத இந்த ஊரில் அப்படி ஒரு சாமியைத் தேர்ந்தெடுத்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அண்ணன் தனக்குச் சாமியே வேண்டாம் என்றார். சாமி இல்லாதவனுக்கு மூன்று கொட்டைதான் என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டீர்கள். வளைவில் நின்று வழி மறிக்கும் ஆவியைச் சிரிக்க வைத்தால்தான் தாண்ட முடியும் என்று சொல்லி, அண்ணனைக் குரங்கு மாதிரி குதிக்க வைத்தீர்கள். அவ்வளவு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

வில்லனின் பெயர் உறையன். மலையுச்சிக் கோட்டையில் இருப்பவன். அவன் தொட்டால் செடி கருகும், ஆறு நிற்கும், நடந்துகொண்டிருக்கிற ஆள் நடந்த வாக்கிலேயே நின்றுபோவான். பழைய கம்பளிக் கோட்டிலிருந்து விழுந்த கறுப்புப் பொத்தான்தான் அவன். அவனுக்கும் ஒரு சாமி வேண்டும் என்றீர்கள். அவனுக்கு எதற்கு என்று நான் கேட்டேன்.

"எதையாச்சும் ரொம்ப நம்புனவன்தான் பொன்னு கெட்டுப்போறான். அவன் சாமியா நீ இரு. அவன் கேப்பான், நீ பதில் சொல்லணும். சாமிக்குக் கொட்டை கெடையாது. யோசிச்சுச் சொல்லணும்."

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்குமுன் பொத்தானை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, குரலைக் கரகரப்பாக்கி நீங்கள் வேண்டுவீர்கள். "சாமி, ஒரே ஒரு தடவ கீழ போய்ட்டு வந்துர்றேன். சுடுமண்ணுல ஒருநா கால வச்சுட்டு வந்துர்றேன்." நான் கையைத் தூக்கி, "மழை நிக்கட்டும்" என்பேன். எல்லாரும் சிரிப்போம். மழை நின்ற பிறகும் ஆட்டத்தில் அதே பதில்தான்.

உங்கள் கல்யாணப் பந்தியில் எங்கள் பெரியப்பாவை உங்கள் வீட்டார் யாரோ கவனிக்காமல் விட்டார்கள். அந்த மனஸ்தாபத்தில் அண்ணன் உங்களை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. வந்த புதிதில் ஒருமுறை கேட்டீர்கள். "அந்த வீட்டுப் பேச்ச எடுக்காத" என்றார். அதற்குப் பிறகு உங்கள் வாயால் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம். போடிமெட்டு வளைவில் நின்றால் உங்கள் ஊர்ப்பக்கத்துச் சமவெளி கண்ணுக்குத் தெரியும். பஸ் ஏறினால் அரை நாள்.

உறையன் யாருக்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று எழுதலாம். ஆனால் இப்போது மழை பெய்கிறது, மதினி. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும்.

அண்ணன் என்றைக்கும் என் பேச்சைக் கேட்பவர். போன வருஷம் இதே நாள்களில், அடுப்படியில் வந்து நின்று, "அவள ஒரு வாரம் ஊருக்கு அனுப்பட்டுமா? நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். பாவம், இறங்கி வந்திருந்தார். நீங்கள் போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்று எனக்குப் பயம். நீங்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். "மழை நிக்கட்டும்ண்ணே" என்றேன். அவரும் சரி என்று போய்விட்டார். திரும்பினால், வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நீங்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அரிசி களைஞ்சுட்டியா?" என்று கேட்டீர்கள். ஏன் மதினி என்னைத் திட்டவில்லை? இரண்டு அறை வைத்திருக்கலாமே.

அடுத்த ஞாயிறு உறையன் வேண்டவில்லை. என்ன ஆயிற்று என்றேன். "அவன் சாமிய விட்டுட்டான்" என்று சொல்லி, பொத்தானைப் பலகையில் வைத்தீர்கள். சாமி இல்லாதவனுக்கு மூன்று கொட்டைதானே. ஒரே மணி நேரத்தில் கோட்டை விழுந்தது. சேச்சி கைதட்டினார். நானும் கைதட்டினேன்.

அந்த மழை விடுவதற்குள் உங்களுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறே நாளில் எல்லாம் முடிந்தது. உங்கள் அம்மா மலை ஏறி வந்தபோது உங்களை எடுத்தாகிவிட்டது. நனைந்த சேலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏத்தா, எம்மகளுக்கு இந்த ரெண்டு வருசத்துல என்னைய ஒருவாட்டி பாக்கணும்னு தோணவே இல்லையா? கேக்கவே இல்லையா அவ?"

"இல்லம்மா" என்றேன். வெளியே கொட்டு கொட்டென்று மழை. தூவானத்தாளைக் கும்பிடுகிறவள் சொன்ன பொய் அது. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கிப் போனார். மகள் தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக அங்கே இருக்கிறார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலையாட்டல்தான் கண்முன் வருகிறது.

போன ஞாயிறு அண்ணன் பரணிலிருந்து பலகையை இறக்கினார். உங்களுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. மலை பாதி அழிந்திருந்தது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கொட்டைகள் அப்படியே கிடந்தன. அண்ணன் கறுப்புப் பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். என்றைக்கும் எந்தச் சாமியையும் ஒத்துக்கொள்ளாத மனுஷன், கண்ணை மூடினார்.

"சாமி, ஒரே ஒரு தடவ கீழ போய்ட்டு வந்துர்றேன்" என்றார். அவர் குரலைக் கரகரப்பாக்கவில்லை. அது தானாகவே அப்படித்தான் வந்தது.

யோசித்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் யோசிக்கவில்லை. "போய்ட்டு வாங்க மதினி" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை. பொத்தானை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாளை காலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறோம். பொத்தானை என் முந்தானையில் முடிந்திருக்கிறேன். உங்கள் வீட்டு முற்றத்துச் சுடுமண்ணில் அதை வைத்துவிட்டு, நீங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள், யார் மறுத்தது என்று உங்கள் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன். என்னை வாசலோடு அனுப்பினாலும் சரி, சொல்லாமல் வரமாட்டேன். இது சத்தியம்.

மெட்டில் மண் சரிந்திருக்கிறது, மழை நிற்கட்டும் என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் நிற்கப்போவதில்லை, மதினி.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி, உங்களைப் போகவிடாத நாத்தனார்,
பொன்னுத்தாய்