தலைச்சோலைச் சாமைக்காட்டில் என் சதுரம்

அக்டோபர் 20, சனி
விடிந்ததிலிருந்து பனி மூட்டம். மழை மட்டும் கிடையாது. ஜூலையில் பொய்த்தது பொய்த்ததுதான்.

செய்ய வேண்டியவை: தராசைச் சரிபார்க்க. புதுக் கயிறு. முழங்காலுக்குத் தைலம். அம்மாவுக்குக் கடிதம் (மூன்றாம் வாரமாகப் பாக்கி).

சேலம் ஆபீசிலிருந்து ஓலை. சாமை மகசூல் விவரம் மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். மலை முழுவதற்கும் புள்ளிவிவர ஆய்வாளர்கள் நாங்கள் அறுத்து எடை போடுவது நான்கே சதுரம், ஐந்து மீட்டருக்கு ஐந்து. அதன் சராசரிதான் மலையின் விளைச்சல். அது குறைந்து வந்தால்தான் வறட்சி நிவாரணம், விதை எல்லாம். மூன்று சதுரம் முடிந்தது, மூன்றும் பரிதாபம். தலைச்சோலை மட்டும் மிச்சம்.

இருப்புக் கொள்ளவில்லை. காரணம் தெரியும். அறுக்கிற அன்றுதான் ரேண்டம் நம்பர் பார்த்து இடம் குறிக்க வேண்டும். நான் ஆகஸ்டிலேயே நம்பர் பார்த்து நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்துவிட்டேன். வேறு வேலையாகப் போனவன், அறுப்பன்று அளந்துகொண்டு நிற்பானேன், சீக்கிரம் பஸ் பிடிக்கலாமே என்று. சோம்பேறி.

22, திங்கள்
பஸ்ஸில் முன் சீட்டு அம்மா: "மழைதான் இல்லீங்களே, இந்தப் பனி மட்டும் எதுக்குங்க?" நானும் அதைத்தான் கேட்கிறேன்.

தலைச்சோலை. சடையன் காடு. சாமை முழுக்க முழங்கால் உயரம்கூட இல்லை, பாதி சருகு. நடுவில் என் சதுரம். அடர்த்தியாக, கதிர் பாரத்தில் சாய்ந்து. சுற்றிலும் முள்வேலி.

சடையன் ஓடி வந்தார். "ஏனுங்க சார், எப்படி இருக்குதுங்க?"

என்ன செய்தீர்கள் என்றேன்.

"சர்க்காரு முளையடிச்ச எடமுங்க. களையெடுத்து, எருப்போட்டு, முள்ளும் வெச்சுட்டமுங்க."

அவர் மனைவி காளியம்மாள்: "ஊத்துலருந்து கொடத்துல சொமந்து ஊத்துனமுங்க. நொம்பத் தூரமுங்க. ஊட்டுக்குக்கூட அத்தனை கொடம் சொமக்கல. ஆபீசுல நம்மூரு மானம் போயிரக் கூடாதுங்களே."

அறுக்கவில்லை. தராசு சரியில்லை, புதனன்று வருகிறேன் என்று பொய் சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். பசி இருந்தும் உட்காரவில்லை.

23, செவ்வாய்
1. உள்ளபடி எடை போடலாம். படிவத்தில் குற்றம் இருக்காது. சராசரி ஏறும், மலைக்கு நிவாரணம் இல்லை. குடம் சுமந்தவளுக்கும் இல்லை.
2. நம்பர் விழுந்த இடத்தை விட்டுவிட்டு, பயிரைப் பார்த்து நானே பக்கத்தில் வேறு சதுரம் பொறுக்கி அறுக்கலாம். பிறகு அது விளைச்சல் அல்ல, என் கற்பனை.
3. 'சோதனை கெட்டது' என்று எழுதலாம். மீதி மூன்றும் உள்ளதைச் சொல்லும். ஆனால் காரணம் எழுத வேண்டும். காரணம் நான். மெமோ நிச்சயம். பதவி உயர்வுப் பட்டியல் ஜனவரியில்.

டைப்பிஸ்ட் மேரியம்மாளிடம் சொன்னேன். "ரெண்டாவதச் செய்ங்க சார். சாமை வந்து சாட்சி சொல்லவா போகுது?" சிரித்தேன். மத்தியானச் சோறு இறங்கவில்லை. கடிதம் இன்றும் எழுதவில்லை.

24, புதன்
நல்ல வெயில். ஏறினேன். காட்டிலேயே பாறை மேல் படிவத்தை வைத்துக் குறுக்கே கோடு போட்டேன். 'சோதனை கெட்டது. முளை முன்கூட்டியே அடிக்கப்பட்டது. பிழை ஆய்வாளருடையது.' கையெழுத்து.

சடையன் எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. கோடு தெரிந்தது.

"ஃபெயிலுங்களா?"

"இல்லைங்க. தப்பு எம்மேல. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. கதிர நீங்களே அறுத்து வெச்சுக்குங்க."

அவர் நம்பவில்லை. எனக்காகச் சங்கடப்படுகிறார் என்று தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை. காளியம்மாள் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சடையன், மெதுவாக: "பரவாயில்லீங்க சார். அடுத்த வருசத்து முளைய இப்பவே அடிச்சுட்டுப் போயிருங்க. மொத நாள்லருந்தே பாத்துக்கறமுங்க."