மூன்று முத்திரைகளும் ஓர் உறுப்பினரும்

ஜூன் 12, வியாழன்

மருந்துக்கடையில் இன்று நிற்க நேரமில்லை. ஊருக்கே இருமல். வீட்டுக்கு வந்தால் வக்கீல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாதாடியே அந்தப் பெயரைச் சம்பாதித்த என் மகள், இன்று வாயே திறக்கவில்லை. ஏதோ பெரிசு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பள்ளியில் இந்தப் பருவத்துக்குப் புதுப் பாடமாம். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஓர் எழுத்தாளர், ஒரு வரலாற்றாசிரியர், ஒரு சமூக அமைப்பு. இவர்களைப் பிள்ளைகளே நேரில் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இவள் குழுவுக்குச் சமூக அமைப்பு விழுந்தது. எந்த அமைப்பு என்று டீச்சர் யோசிப்பதற்குள் ஒருத்தன் எழுந்து, "இவங்க வீட்டு கேட்டுலயே ஒரு சங்கம் போர்டு தொங்குது டீச்சர்" என்று போட்டுக் கொடுத்துவிட்டான்.

தொங்கத்தான் செய்கிறது. 'மேல்தெரு - கீழ்த்தெரு இணைப்புப் படிக்கட்டுப் பாதுகாப்பு மற்றும் முன்னேற்றச் சங்கம்.' தலைவர் என் வீட்டுக்காரர். செயலாளர் இவர். பொருளாளரும் இவரே. மூன்று பதவிக்கும் தனித்தனி ரப்பர் முத்திரை உண்டு. உறுப்பினர்கள்தான் கிடையாது.

"வகுப்பே சிரிக்கும்மா" என்றாள். எனக்கும் அதே பயம்தான். அவளைப் பார்த்துச் சிரித்தால் நாளைக்கு மறந்துவிடுவார்கள். அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தால்?

ஜூன் 13, வெள்ளி

இவரிடம் விஷயத்தைச் சொன்னோம். ஷேவிங் பாதியில் இருந்தது. பதறுவார் என்று பார்த்தால் ஒரு கன்னத்து நுரையோடு துள்ளுகிறார். "நம்ம சங்கத்தைப் பாடமாவே படிக்கிறாங்களா! வரச் சொல்லு, வரச் சொல்லு!"

நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு இந்தப் படிக்கட்டின் மேல் எப்படித்தான் இப்படி ஒரு காதலோ. ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாளியும் துடைப்பமுமாக இறங்கிப் பாசி தேய்க்கிறார். கைப்பிடிக் கம்பி இவர் எழுதி எழுதி வாங்கியது. நடு வளைவில் விளக்கும் இவர் வாங்கியதுதான், அது மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளும் என்பது வேறு கதை. ஆனால் ஒற்றை ஆள் செய்கிற வேலைக்குச் சங்கம் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

ஆரம்பித்த புதிதில் என்னிடமும் ஒரு உறுப்பினர் படிவம் நீட்டினார். "ஏங்க, இந்த வீட்டுல எனக்கு இருக்கற மெம்பர்ஷிப் போதாதா?" என்று கேட்டுவிட்டு அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் நீட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பிள்ளைகள் வந்து போனார்கள். நான்கு பேர், கையில் கேள்வித்தாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க அமைப்புல உறுப்பினர்கள் எத்தனை பேர்?"

"எண்ணற்றோர்."

"அப்பா, எண்ணிக்கை எழுதணும்" என்று வக்கீல் பல்லைக் கடித்தாள்.

"இந்தப் படிக்கட்டுல ஏறி இறங்கற அத்தனை பேரும் உறுப்பினர்தாம்மா. அப்படி எழுதிக்கோ."

அடுத்தது, கூட்டம் எத்தனை நாளுக்கு ஒருமுறை? "தேவைப்படும்போது." கடைசியாக, பொறுப்பாளர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்? மனுஷன் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "இந்தத் தடவை தேர்தல் வெச்சிருக்கோம். ரெண்டு வாரத்துல. நீங்க எல்லாரும் வந்து பாக்கலாம்" என்றார்.

தேர்தலா! யாரு ஓட்டுப் போடுவா? யாருக்குப் போடுவா?

போகும்போது ஆளுக்கு ஒரு ஊர் வரலாற்றுப் புத்தகம் வேறு கொடுத்து அனுப்பினார். கீழ்த்தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் எழுதியது. இவர் அதை மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதற்குக் காரணம், அதில் ஒரு அடிக்குறிப்பு: 'இப்பெயரில் ஒரு சங்கம் உள்ளதாகப் பெயர்ப்பலகை ஒன்று தெரிவிக்கிறது. வேறு தகவல் கிடைக்கவில்லை.' அந்தப் பக்கத்தில் எல்லாப் பிரதியிலும் ஒரு வண்ணக் காகிதம் செருகியிருக்கிறது. வரலாற்றில் இடம்பிடித்துவிட்டாராம்!

ஜூன் 17, செவ்வாய்

சர்வேயரிடம் பாடம் கேட்கப் போன வரலாற்றுக் குழு தலைகால் புரியாமல் திரிகிறது. எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும், சாட்சி இல்லாததை எழுதக் கூடாது என்று அவர் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். டீச்சர் உடனே, "அப்ப மத்த குழுக்கள் எழுதறதையும் நீங்களே சரிபாருங்க" என்றுவிட்டார். வக்கீல் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று கடைக்கே வந்துவிட்டார்கள். இருமல் மருந்துக்கு நிற்கிற வரிசையில் மூன்று பொடிசுகள், கையில் பென்சில்.

"ஆன்ட்டி, நீங்க படிக்கட்டுச் சங்கத்துல உறுப்பினரா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை" என்றேன்.

'மனைவி: உறுப்பினர் அல்ல' என்று என் கண்முன்னாலேயே எழுதிக்கொண்டார்கள். டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிற கண் இது. அந்த உருண்டை எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியுமா. நாள் முழுக்க அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஏன்டா இவ்வளவு உறுத்துது?

ஜூன் 21, சனி

இவர் வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாகப் போகிறார். மேல்தெருக்காரர்கள், "கீழ்த்தெருவுல எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?" என்கிறார்கள். கீழ்த்தெருக்காரர்கள், "மேல எத்தனை பேர்?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் பதில் ஒன்றுதான். ஒருத்தரும் இல்லை. இவரோ, "ரெண்டு தெருவும் ஒரே மாதிரி யோசிக்குது பாத்தியா, நல்ல அறிகுறி" என்கிறார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

ஜூன் 23, திங்கள்

முதல் உறுப்பினர் கிடைத்துவிட்டார்! படிக்கட்டின் நடு வளைவில் குடியிருக்கும் தொடர்கதை அம்மா. எழுத்தாளர் குழு அவரைப் பேட்டி காணப் போயிருக்கிறது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஞானம், தவம் என்று சொல்லப் போகிறார் என்று பிள்ளைகள் பேனாவைத் திறந்தால், "இந்த ஜன்னலுக்குக் கீழ நின்னு மூச்சு வாங்கறவங்க பேசறதை ஒட்டுக் கேக்கறேன், அவ்வளவுதான்" என்றாராம். பாதிப் படி ஏறியதும் எல்லாரும் அங்கே நிற்பார்கள். நின்றால் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

நேற்று இவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டாராம். "தேர்தல்னா சண்டை வருமா?" வரலாம் என்று இவர் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்குள் கீழ்த்தெருவில், போன மாதம் நடு வளைவில் வழுக்கி விழுந்த டெய்லரும் சேர்ந்தார். டெய்லர் சேர்ந்ததால் சலவைக்கடைக்காரர். கீழ்த்தெரு இரண்டு ஆனது என்று கேள்விப்பட்டு மேல்தெருவில் நாலு பேர். ரோஷம் எதற்கெல்லாம் உதவுகிறது!

ஜூன் 28, சனி

நாளை தேர்தல். சமையலறையில் நின்றுகொண்டே, "படிவம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன், என்னமோ உப்பு இருக்கா என்று கேட்பது மாதிரி. இவர் உடனே உள்ளே போய் எடுத்து வந்தார். நான் கையெழுத்துப் போட்டதும் மூன்று முத்திரையையும் எடுத்து, ஊதி ஊதி, ஒவ்வொன்றாகக் குத்தினார். மை என் விரலிலும் ஒட்டிவிட்டது. நாலு தடவை கழுவியும் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கூட்டம் படிக்கட்டிலேயே நடந்தது. மேல்தெரு மேல்படிகளில், கீழ்த்தெரு கீழ்ப்படிகளில். உட்கார்ந்ததுமே சலவைக்கடைக்காரர், "இவங்க எங்க தலைக்கு மேல உக்காருவாங்களாமா?" என்று ஆரம்பித்தார். தொடர்கதை அம்மா ஜன்னலில் இருந்தபடி ஆவலோடு குறிப்பெடுத்தார். வக்கீல்தான் தீர்த்து வைத்தாள். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் முழங்கால் வலி பற்றிய பேச்சில் இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டது.

தலைவர் பதவிக்கு இவர் பெயர் வந்தது. "போட்டி யாராவது?" என்று வக்கீல் கேட்டாள், கேள்வித்தாளில் அப்படி இருக்கிறதாம். யாரும் கை தூக்கவில்லை. இவர் நன்றி சொல்ல எழுந்தே விட்டார்.

அப்போது டெய்லர், "அக்கா நிக்கட்டுமே" என்றார்.

எந்த அக்கா என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மருந்துக்கடையில ரெண்டு தெருவும் அக்காகிட்டதானே வருது? யாருக்கு என்ன வலின்னு இவங்களுக்குத்தான் தெரியும்." வழிமொழிய நாலைந்து குரல். ஐயோ, வேண்டாங்க, எனக்கு நேரமில்லைங்க, நேத்துதாங்க சேர்ந்தேன் - யார் கேட்டார்கள்? இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. ஒன்பது வருஷம் வாளி தூக்கியவர் அங்கே நிற்கிறார், நேற்று வந்த நான் போட்டிக்கா?

துண்டுச் சீட்டில் ஓட்டு. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, எண்ணுகிற வேலை மட்டும். வரலாற்றுக் குழு இரண்டு தடவை எண்ணியது, இரண்டு சாட்சிகளோடு. கிட்டத்தட்ட எல்லாச் சீட்டிலும் என் பெயர். இவருக்கு ஒன்றே ஒன்று.

கைதட்டினார்கள். இவரும் தட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். சாப்பிடும்போதும் பேச்சில்லை.

அவமானப்படுத்திட்டேனா? நானா கேட்டேன் இந்தப் பதவியை?

ஜூன் 30, திங்கள்

கடையில் இரண்டு பேர் 'தலைவர்' என்று கூப்பிட்டார்கள். எரிச்சலாக வந்தது. மாத்திரை அட்டையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், நல்லவேளை.

ஒரு கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கிறது. இவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது நான் போட்டது. அப்படியானால் இவர் ஓட்டு எங்கே போச்சு?

ஜூலை 1, செவ்வாய்

கேட்டுவிட்டேன். பின்கட்டில் போர்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு கழற்றினார் என்று நான் நினைத்தது, என் பெயரை எழுதத்தானாம்! இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் இருந்ததற்குக் காரணம், எழுத்து கோணிக்கொண்டே போனது. இதற்கா நான் இரண்டு நாள் செத்துப் பிழைத்தேன்?

"ஏங்க, உங்க ஓட்டை யாருக்குப் போட்டீங்க?"

"ரகசிய ஓட்டு. சொல்லக் கூடாது."

"ஏங்க!"

தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஒத்தையா இருந்தா அது சங்கமாம்மா? ரெண்டாவது ஆளு வந்தாத்தான் சங்கம். அந்த ரெண்டாவது ஆளு நீயா இருக்கணும்னுதான் இத்தனை வருஷம் யாரையும் பெரிசா கூப்பிடல. நீ சேர்ந்தப்புறம் நான் எதுக்கு எனக்கே ஓட்டுப் போட்டுக்கணும்?"

நான் அழவில்லை. பெயிண்ட் நெடி.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பில் ஒப்படைத்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. இல்லை, ஒரு இடத்தில் சிரித்தார்களாம், 'எண்ணற்றோர்' என்பதை அடித்துவிட்டு எண்ணிக்கை எழுதியிருந்த இடத்தில். வக்கீலே சேர்ந்து சிரித்தாளாம். போட்டுக் கொடுத்த அந்தப் பையன், சங்கத்தில் பிள்ளைகள் பிரிவு உண்டா என்று கேட்டிருக்கிறான்.

ஜூலை 9, புதன்

சர்வேயர் கடைக்கு வந்தார். மருந்துக்கு இல்லை. பிள்ளைகள் அவருடைய அடிக்குறிப்பு தவறு என்று சாட்சிகளோடு எழுதி நீட்டிவிட்டார்களாம். "நான் சொல்லிக் குடுத்ததை வெச்சே என்னைப் பிடிச்சிட்டாங்கம்மா" என்று சிரித்தார், மனசார. திருத்தம் அச்சடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டப் போகிறாராம். "தலைவர் நீங்க சொல்லுங்க, என்ன போடலாம்?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை எழுதவில்லை. தலைவர் என்ற முறையில் என் முதல் தீர்மானம் அது.

ஜூலை 20, ஞாயிறு

திருத்தச் சீட்டுகள் வந்துவிட்டன. இவர் மேசையில் புத்தகங்களைப் பரப்பி, பசையைத் திறந்து, முதல் சீட்டை எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

'இச்சங்கம் உண்மையில் உள்ளது. இதைத் தொடங்கியவர், ஒன்பது ஆண்டுகள் தனியாக நடத்தியவர்...'

அடுத்து இவருடைய பெயர். அதை வாசிக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில்தான் தேய்த்துக் கழுவிய படிகளுக்கு மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.