கிரானைட்டின் வயது

பிப்ரவரி 16, 2006. வியாழன்.

இன்று எங்கள் நிலவியல் துறையில் இளைய ஆய்வு மாணவி சுகந்தியின் கருத்தரங்கு. பழைய எரிமலை ஒன்று வெடித்து, அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் தரை உள்ளே இடிந்து விழுந்தது. அந்தப் பெரும்பள்ளம்தான் அவள் ஆய்வு. வெளியேறாமல் தங்கிய குழம்பே அங்குள்ள கிரானைட்டாக இறுகியது என்பாள்.

அந்த கிரானைட்டின் வயதை அளந்தது நான். விடை நேற்றே வந்துவிட்டது. வெடிப்புக்கு வெகுகாலம் பிந்தியது; அப்படியானால் அது வேறொரு குழம்பு, அவள் முடிவு தவறு. காலையில் மெட்ரோவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் சொல்லவில்லை. பேசப் போகிறவளைக் கலக்க வேண்டாம் என்றுதான், என எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பேராசிரியர் முன்னால் நானே சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவர் வயதைப் பற்றிக் கேட்டதும் எழுந்து சொன்னேன். என்னைப் பாராட்டினார். சுகந்தி திரையருகே நின்று அதைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு படிக்கட்டில் கேட்டாள்.

"அக்கா, மெட்ரோவில வரேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"ஓம். சரி அக்கா." மகனை அழைத்துவர கார்டரிக்கு, அவனது குழந்தைகள் காப்பகத்துக்கு, கிளம்பிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்கலாமென்று சற்றுமுன் ஃபோன் செய்தேன். அவள் கணவர் எடுத்தார்.

"பிள்ளையை நித்திரையாக்கிறா. பிழையை நேரத்தோட கண்டுபிடிச்சுத் தந்தது நீங்களாமே? அக்கா இல்லாட்டி ஆய்வே பிழையாப் போயிருக்கும் எண்டு சொன்னவ. பெரிய உதவி. பேந்து எடுக்கச் சொல்லவோ?"

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அவரிடம் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.