பதினொரு மணி இரைச்சல்

4 ஆகஸ்ட், திங்கள்

காலை 7.30: தோசை இரண்டு. 11.00: ஓட்ஸ். 1.30: சோறு ஒரு கிண்ணம், மீன் கறி. 3.30: அவித்த பயறு.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி இந்த நோட்டைக் கையில் கொடுத்து, “அங்கிள், என்ன சாப்பிட்டாலும் மணி போட்டு எழுதுங்க. பொய் எழுதாதீங்க” என்றார். சரி, தோசை மூன்று.

ஓட்ஸும் பயறும் என் மனைவி ஜெகதீஸ்வரி வேலைக்குப் போகுமுன் டப்பாவில் போட்டு வைப்பது. நான் மைக்ரோவேவில் நாலு நிமிஷம் வைத்து நாக்குப் பொசுங்கச் சாப்பிடுவேன். அடுப்புப் பக்கம் போக எனக்குத் தடை. இனிப்பு நீர் வியாதி கால் விரல் இரண்டை வாங்கிக்கொண்டு, லாரியிலிருந்து என்னை இறக்கி வீட்டில் உட்கார வைத்த முதல் மாதமே இரண்டு சட்டியைக் கரியாக்கினேன். அதைப் பார்த்துத்தான் குமுதா முதல் சம்பளத்தில் மைக்ரோவேவ் வாங்கி வந்தாள். மகளைப் பெற்ற புண்ணியம்.

பிள்ளை குமுதாவுக்கு இன்று மனசு சரியில்லை. வீட்டிலிருந்தே ஹோட்டல் கம்பெனிக்கு போன் எடுக்கிற வேலை. ஹெட்போனில் திடீர் திடீரென்று கரகரவென்று வந்து பேச்சு உடைகிறதாம். பேசுகிறவர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதச் சோதனைக் காலம் 29ஆம் தேதி முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இட்லி நாலு. 11.00 ஓட்ஸ். 3.30 பயறு.

காத்தாடிதான் காரணம் என்று கண்டுபிடித்து நிறுத்தினேன். பிள்ளை வேர்த்துக் கொட்டியபடி வேலை பார்த்தாள். இரைச்சல் அப்படியே இருந்தது. ஜெகதீஸ்வரி வந்து பார்த்துவிட்டு, “இருபது வருஷம் லாரி ஓட்டுன ஆளு, இப்ப சவுண்ட் இன்ஜினியரா?” என்றாள். காத்தாடியைப் போட்டுவிட்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

கிளினிக். காலையில் போய் நாலரைக்கு வந்தேன். கேண்டீனில் ரொட்டி சானாய் ஒன்று. (எழுதிவிட்டேன், மிஸ்ஸி.)

“இன்னிக்கு ஒரு சத்தமும் இல்லப்பா! முழு நாளும் கிளியர்லா!” என்று குதித்தாள் பிள்ளை. நல்லது நடக்கிற நாளில் நான் வீட்டில் இருப்பதில்லை. என் ராசி.

9 ஆகஸ்ட், சனி

ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு டத்தோ கிராமாட் ரோட்டில் இருக்கிற முஸ்தஃபா கடைக்குப் போனேன். போன் ரிப்பேர் செய்கிறவர், பழைய பழக்கம். ஸ்பாஞ்சைக் கழற்றித் துடைத்தார், சார்ஜ் பார்த்தார், அரை மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு பாட்டே கேட்டார்.

“கார்த்தி அண்ணே, இதுல ஒரு கோளாறும் இல்ல. உங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு.”

“வீட்ல நான்தான் இருக்கேன்.”

“அதத்தான் சொன்னேன்.”

சிரித்தோம். காசு கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார். நல்ல மனுஷன்.

11 ஆகஸ்ட், திங்கள்

ஓட்ஸ் 11.00. பயறு 3.30. மறுபடி இரைச்சல்.

மேலதிகாரி அம்மா பிள்ளையின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டாராம். “இப்படியே போனா கஷ்டம், குமுதா” என்றாராம். பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஜெகதீஸ்வரியிடம் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

கோலாலம்பூரில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது அவளுக்கு. என் காலைக் கழுவிக் கட்டுப் போட ஆள் வேண்டுமே என்றுதான் போகவில்லை. அப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் இல்லையென்று சொல்வாள், எனக்கு அழுகை வரும், எதற்கு?

இந்த வேலையும் போனால்? என்னால்தானே இங்கே கிடக்கிறாள்?

13 ஆகஸ்ட், புதன்

சாப்பாடு பிறகு எழுதுகிறேன். முதலில் இதை எழுத வேண்டும்.

இரைச்சல் வந்த நேரத்தையெல்லாம் குமுதா ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறாள், கம்பெனிக்கு அனுப்ப. எனக்கும் காட்டினாள். திங்கள் 11.01. மாலை 3.32. செவ்வாய் 11.02. மாலை 3.30. வியாழன் ஒன்றுமில்லை. இதே கணக்கை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எழுந்துபோய் இந்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.

ஓட்ஸ். பயறு. ஓட்ஸ். பயறு.

ஐயோ, நான்தானா? நான்தான்டா!

அவள் மேசை சுவருக்கு அந்தப் பக்கம், மைக்ரோவேவ் இந்தப் பக்கம். நடுவில் ஒரு பலகைதான். ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்து, “பாட்டு போட்டுக் காதுல மாட்டும்மா” என்றேன். பட்டனை அமுக்கினேன். அங்கிருந்து “ஆ!” என்று கத்தினாள். நிறுத்தினேன். “இப்ப கிளியர்.” அமுக்கினேன். “ஆ!”

முஸ்தஃபாவுக்கு போன் போட்டேன். “அண்ணே, வயர் இல்லாத ஹெட்போனும் மைக்ரோவேவும் ஒரே ரோட்டுல ஓடுதுலா. பெரிய லாரி வந்தா மோட்டார் சைக்கிள் என்ன பண்ணும்?” லாரிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

திட்டுவாள் என்று நின்றேன். பிள்ளை தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வர. “மைக்ரோவேவ் வாங்குனது நான், அங்க வெச்சது நான்! உங்களப் போயி...”

“இனிமே ஆறிப்போனதையே சாப்பிடுறேன்மா.”

“வேணாம்ப்பா. பதினொன்னே காலுக்கு எனக்கு பிரேக். மூனே முக்காலுக்கு இன்னொன்னு. அப்ப சூடு பண்ணுங்க.”

அந்த பிரேக்கில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். பலகைக்கு இந்தப் பக்கம் இத்தனை நாள் வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

இரைச்சல் இல்லை. பதினொன்றிலிருந்து பதினொன்றே கால் வரை பசி தாங்குகிறேன். பெரிய தியாகி.

29 ஆகஸ்ட், வெள்ளி

காலை 7.30: தோசை இரண்டு. உண்மையிலேயே இரண்டு.

10.40: மேலதிகாரி அம்மா போன். பிள்ளை “தேங்க் யூ மேடம், தேங்க் யூ மேடம்” என்று ஆறு தரம் சொன்னது கேட்டது. பிறகு பலகையை இரண்டு தட்டு தட்டினாள். நானும் இரண்டு தட்டினேன்.

11.15: ஓட்ஸ் இரண்டு கிண்ணம். பயப்படாதீங்க மிஸ்ஸி, ஒன்று குமுதாவுடையது.