எதிரணிக்குத் தெரிந்த தோள்

டாக்டர்,

இன்று காலை செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரியின் கையிலிருந்து மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். கட்டு பிளந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், ஊறிப்போன தோலும் வேர்வையும் மாவும் கலந்த புளிப்பு வாடை. அவள் முகத்தைச் சுளித்தாள். எனக்கோ, ஒரு காலத்தில் இதே மாதிரிக் கட்டுக்குள் கிடந்த வலது தோள் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

கட்டை வெட்டிய டாக்டர் சின்ன வயசுக்காரர். அவளை நான் எழுப்பி உட்காரவைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க தோள்ல என்ன?" என்று கேட்டார். சடுகுடுவில் போனது என்று சொல்லி, ஆபரேஷன் செய்தவர் இன்னார் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். "சார் போன மாசம் தவறிட்டாரே, தெரியாதா?" என்றார். எனக்கு யார் வந்து சொல்வார்கள்? அழுகை வரவில்லை டாக்டர். கோபம்தான் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் போய்விட்டாரே இந்த மனுஷன் என்று ஆத்திரமாக இருந்தது. அந்தச் சின்ன டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போதே எழுதினால் மற்றது எழுத ஓடாது. முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்டங்களுக்கு நீங்கள் வர ஆரம்பித்தபோது உங்களை டாக்டர் என்று ஒருவனும் நம்பவில்லை. எங்கள் மாமல்லபுரத்தில் ஆட்டம் என்றாலும் வருவீர்கள், திருப்போரூர்த் திருவிழா ஆட்டம் என்றாலும் வருவீர்கள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே மணலில் குந்தியிருப்பீர்கள். எந்த அணி ஜெயித்தது என்று கேட்டால் தெரியாது. எவன் எப்படி விழுந்தான், விழும்போது பாதம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் ஒப்பிப்பீர்கள். விளையாட்டில் முட்டியும் தோளும் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னீர்கள். "பந்தாட்டக்காரன் முட்டியைப் பத்தி வெள்ளைக்காரன் எழுதி வச்சுட்டாம்ப்பா. சடுகுடுக்காரன் முட்டியை எவன் பார்த்தான்?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் உங்கள் ஆளாகிவிட்டேன்.

எங்கள் பையன்கள் உங்களிடம் வரப் பயந்தார்கள். டாக்டரிடம் போனால் காலையே எடுத்துவிடுவார் என்று பேச்சு. சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டிக் கால்வாய்ப் படகில் ஏற்றுகிற கூலிக்காரன் நான். வேலை முடிந்து வீடு வீடாகப் போய் ஒவ்வொருவனையும் உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் கூத்தை மறந்திருக்கமாட்டீர்கள். வலது முட்டியில் துணி கட்டி வந்தவனை அமுக்கிப் பார்த்தீர்கள், மடக்கிப் பார்த்தீர்கள், ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா டாக்டரே, நோவுற காலு அந்தாண்ட கீது. நல்ல காலுல துணி கட்னாத்தான எதிராளி ஏமாந்து அத்தப் புடிப்பான்?"

நீங்கள் மணலில் மல்லாந்து விழுந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எவன் வந்தாலும் துணி இல்லாத காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தீர்கள். அடிபட்டு முட்டி கெடுவதைவிட, பாதம் பிடிபட்டிருக்கும்போது உடம்பு திரும்புவதால்தான் உள்ளே சவ்வு கிழிகிறது என்று எங்களை வைத்தே கண்டுபிடித்தீர்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் படித்த மாதிரி பெருமையாக இருந்தது.

என் தோள் முதலில் நழுவியது திருப்போரூர் ஆட்டத்தில். நீங்கள் செருப்பை உதறிவிட்டு, என் அக்குளில் குதிகாலை வைத்து, கையை மெல்ல இழுத்தீர்கள். டொக்கென்று எலும்பு உள்ளே போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது பழகிவிட்டது, தும்மினால்கூட நழுவிவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி. மாமல்லபுரத்துக் கடற்கரையில் என்னை நிறுத்திவைத்துக் கையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தீர்கள். கை மேலே போய்ப் பின்பக்கம் திரும்பினால் மட்டும் எலும்பு கிண்ணத்தைவிட்டு வெளியே வரும், வேறு எந்தப் பிடிக்கும் அசையாது என்று சொன்னீர்கள். ஆபரேஷன் செய்துகொள், ஆட்டத்தை விட்டுவிடு என்றீர்கள்.

நான் எப்படி விடுவேன்? பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க வரப்போகிறார்கள். எடுத்துவிட்டால் கம்பெனியிலேயே நிரந்தர வேலை. எங்கள் நைனா கட்டை சுமந்து முதுகு வளைந்தவர். அந்த வேலை கிடைத்தால் எங்கள் வூட்டில் இனி ஒருவனும் கட்டை சுமக்க வேண்டாம். எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

"அந்த ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன் டாக்டரே. அப்பால நீங்க இன்னா வேணா அறுத்துக்கோங்க," என்றேன்.

என் கையை மெல்ல இறக்கிவிட்டீர்கள். பிறகு, "சரிப்பா. இந்தத் தோள் விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்," என்றீர்கள். நான் கேட்டு வாங்கின வாக்கு இல்லை அது. நீங்களாகக் கொடுத்தது.

ஆட்டம் செங்கற்பட்டில், செங்கற்பட்டு அணியோடு. இடது தோளில் பெரிதாகத் துணி சுற்றிக்கொண்டு இறங்கினேன். சடுகுடு பாடிப் போன முதல் இரண்டு தடவையும் ஆளைத் தொட்டுத் திரும்பிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மூன்றாம் முறை போனபோது கன்னியப்பன் குறுக்கே வந்தான். அவர்கள் அணியின் பிடிகாரன். துணி சுற்றிய தோளை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சடுகுடுவில் இடுப்பைப் பிடிப்பார்கள், காலைப் பிடிப்பார்கள். அவன் என் வலது மணிக்கட்டைப் பிடித்து, மேலே தூக்கி, பின்பக்கம் திருப்பினான். நீங்கள் கடற்கரையில் திருப்பிய அதே திருப்பு. எலும்பு கழன்று, பாட்டு அறுந்து அலறினேன். கம்பெனிக்காரர்கள் அன்று கன்னியப்பனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டணம் போகுமுன் அவன், என்னைச் சேர்த்திருந்த உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதான்.

"அண்ணாத்த, டாக்டருதான் வந்து சொன்னாரு. 'அவன் வலது கையைத் தூக்கித் திருப்பிடாதீங்கடா, கழண்டுடும், பாவம்டா'ன்னு. தொடாதன்னுதான் சொன்னாரு. நான்தான் வேலைக்கு ஆசைப்பட்டு..."

அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நல்ல காலில் துணி கட்டுகிற ஜனங்கள் நாங்கள். இதைத் தெரிந்துகொண்டு மணலில் புரண்டு சிரித்த நீங்களா அவர்களிடம் போய், இந்தக் கையைத் தொடாதே என்று சொல்வீர்கள்? உங்களிடமே கேட்டேன். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "ஆட்டத்துல அடிபடறது சகஜம்ப்பா. நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் பதில்.

ஆபரேஷனைச் சுத்தமாகச் செய்தீர்கள், பழி சொல்ல முடியாது. தோள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நழுவவில்லை. கை காதுக்கு மேலே போகாது, அவ்வளவுதான். பட்டணத்துக்கு அழைத்துப் போய், சட்டையைக் கழற்றி, ஒரு கூடம் நிறைய டாக்டர்களுக்கு என் தோளைக் காட்டினீர்கள். அவர்கள் உங்கள் கையைக் குலுக்கினார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். சீக்கிரமே உங்களுக்குப் பட்டணத்தில் பெரிய வேலை கிடைத்தது.

அன்றைக்குத்தான் என் புத்தி கெட்ட வழியில் போக ஆரம்பித்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவனைக் கத்திக்குக் கீழே கொண்டுவர வழி தேடினீர்களோ என்று நினைத்தேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று வாய்விட்டுத் திட்டினேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்று கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லிச் சொல்லி அவளே சலித்துப்போனாள். தோளைப் பார்க்க வரச்சொல்லி வருஷா வருஷம் கார்டு போட்டீர்கள். தோளைத்தானே பார்க்கவேண்டும் உங்களுக்கு என்று ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

இனி அந்தச் சின்ன டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன். சடுகுடு என்று சொன்னபோதே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மாமல்லபுரத்து ஆட்டக்காரர் நீங்கதானா? சார் புதுசா வர்ற பசங்களுக்கு முதல் வகுப்புல உங்களைப் பத்தித்தாங்க சொல்லுவாரு. 'ஒருத்தனோட தோளைக் காப்பாத்தறேன்னு வாயை விட்டேன், அவன் பிழைப்பே போச்சு. நோயாளி உடம்புல நீங்க பார்த்தது அவனோட சொத்து, நல்லதுக்குன்னுகூட வெளியே விடாதீங்க'ம்பாரு. சொல்றப்போ அவரு குரலே உடைஞ்சிடும்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். ஆக, கத்திக்காகச் செய்யவில்லை நீங்கள். தப்பு என்று தெரிந்தும் இருக்கிறது. குரல் உடைகிற அளவுக்கு வலித்தும் இருக்கிறது. அதை வருஷா வருஷம் வகுப்பு நிறையப் பசங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவனுக்காவது என் முகம் தெரியுமா? கார்டு போட்ட கைக்கு இரண்டு வரி சேர்த்து எழுத வலித்ததா? கன்னியப்பனிடம் சொன்னது பிசகு என்று விட்டுவிடுகிறேன். இது அதைவிடப் பெரிய துரோகம் டாக்டர், இதை என்னால் விடமுடியவில்லை.

வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டித் திட்டியிருப்பேன். ஒரு மாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். பிறகு அடுத்த ஆட்டம் எங்கே என்று விசாரித்து, உங்களைக் கூப்பிட நானே வந்து நின்றிருப்பேன்.

உங்களைத் திட்ட வேண்டிய திட்டு ஒன்றுகூடக் குறையாமல் இன்னும் என்னிடமே இருக்கிறது.