நூலகக் கொம்பியூட்டரில் ரஞ்சினி

யூலை 8

வறண்ட கச்சான் காற்று. மேசையெல்லாம் புழுதி. காலையிலேயே இரண்டு முறை கரண்ட் போனது. கழுத்து வலி.

பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் குறைவு. மற்றவர்கள் எல்லாம் கொம்பியூட்டருக்கு. பரீட்சை முடிவு, பிறப்புப் பத்திரம், வேலை விண்ணப்பம். தட்டுவது நான்தான்.

கடைசியாக ரஞ்சினி. வெல்லாவெளிப் பக்கம். கணவன் விட்டுப்போனவள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் வேண்டும். அதற்கு இணையத்தில் நாள் எடுக்க வேண்டும்.

“புள்ளைகள்?”

“ஒரு மகள், எட்டு வயசு, மிஸ். அக்காட்ட விட்டுட்டுப் போவன்.”

பிள்ளைகள் படிக்கவென்று தந்த கொம்பியூட்டர். அதில் ஒரு தாயை அனுப்பிவைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அழுத்தினேன். நாள் கிடைத்தது.

யூலை 21

வெயில். ரஞ்சினி மகளோடு வந்தாள். தர்ஷி. அக்காவிடம் பட்டன் போன்தான், முகம் பார்க்க முடியாது.

“சனிக்கிழமையில இஞ்ச வந்தா புள்ளைக்கு என்னைக் காட்டுவீங்களா மிஸ்?”

ஓம் என்றேன். பஸ்ஸில்தான் உறைத்தது: ஒவ்வொரு சனியும்.

அவர்கள் போகமுன் ஒத்திகையும் பார்த்தோம். சிறுவர் பகுதியில் என் போனோடு தாய், கொம்பியூட்டரில் மகள். தன் முகத்தைப் பார்த்து ரஞ்சினி, “இவ்வளவு மெலிஞ்சிற்றனா?” தர்ஷிக்குச் சிரிப்பு.

செப்டெம்பர் 2

ரஞ்சினி போய் ஒரு கிழமை. பிரதேச சபையிலிருந்து செயலாளர் வந்தார். நான் எல்லாருக்கும் கொம்பியூட்டரில் தட்டிக் கொடுப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இது நூலகமா, கொமினிகேஷன் கடையா?”

“வீட்டில வசதி இல்லாத ஆக்கள் வேற எங்க போற, சேர்?”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

சவர்க்காரம் வாங்க மறந்து போனேன்.

செப்டெம்பர் 6

மழைக் குணம். தர்ஷி மத்தியானமே வந்து கொம்பியூட்டருக்கு முன்னால். மூடப் போகும் நேரம்தான் அழைப்பு. ரஞ்சினி யாரோ ஒருவரின் குசினிக்குள், குரலை அடக்கி. “சாப்பிட்டியா மகள்?”

பிள்ளை வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். ரஞ்சினிக்குச் சிரிப்பும் அழுகையும். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். “மறுகா வாறன், வேலை முடியட்டும்.” லைன் போய்விட்டது.

“திரும்ப எடுங்க மிஸ்.”

“ஏலாது புள்ள. அம்மாதான் எடுக்கணும்.”

தர்ஷி எழும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க லீவெண்டா அம்மா எங்க மிஸ் வருவா?”

கதவைப் பூட்டும் திறப்பு என் கையில். அதை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய நாற்காலியை உயர்த்தினேன். அம்மா எடுத்தால் முதலில் எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.